புத்தகம் சலிக்கிறதா தோழர்களே?

(வாசிப்பு வட்டத் தொடக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வட்டத்தைத் தொடங்குவதற்கு முன் இளைஞர்கள் பலரிடம் "ஏன் படிப்பதில்லை?" என்று கேட்டோம். பெரும்பாலோர் சொன்ன பதில், "போரடிக்குது தோழர்." நேரமில்லை, காசில்லை என்று சொல்லி ஒப்பேற்றியிருக்கலாம். உண்மையைச் சொன்னார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டிவிட்டு, அதைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

புத்தகம் சலிப்பது உங்கள் மூளையின் குறை அல்ல. "படிப்பு அவர்களுக்குத்தான் வரும், நமக்கு வராது" என்று யாராவது சொன்னால் அது வருணதருமம் பேசுகிற பேச்சு. நீச்சலைப் போல, சைக்கிளைப் போல, வாசிப்பும் பழகினால் வருவது. தாத்தா படித்தார், அப்பா படித்தார், வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது என்றால் அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயதிலேயே பழக்கம் ஒட்டிக்கொள்ளும். நம் வீடுகள் பலவற்றில் பாடநூலைத் தவிர வேறு நூல் நுழைந்ததே இல்லை. அந்தப் பாடநூலும் மனப்பாடம், பரீட்சை, மதிப்பெண், அடி என்ற வடிவத்தில்தான் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் தண்டனையாகக் காட்டிய ஒன்றைப் பதினெட்டு வயதில் திடீரென்று ரசி என்றால் யாரால் முடியும்?

ஆனால் பாடநூல் வேறு, வாசிப்பு வேறு. அண்ணல் அம்பேத்கரின் இளமையைப் பாருங்கள். பள்ளியில் தனியே கோணிச் சாக்கில் உட்கார வைக்கப்பட்ட மாணவர் அவர். பாடநூல்களைவிட வெளி நூல்கள்மீதுதான் அவருக்கு ஆசை. தந்தை ராம்ஜி, மணமாகிப் போன மகள்களிடம் கடன் வாங்கி, அவர்கள் நகையை அடகு வைத்தும் மகனுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். பம்பாயில் சர்னி ரோடு பூங்காவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த அந்தச் சிறுவனைக் கவனித்தவர் கேலுஸ்கர் என்ற ஆசிரியர். 1907இல் மெட்ரிகுலேசன் தேறியபோது, தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். பிற்காலத்தில் தாதரில் அம்பேத்கர் கட்டிய ராஜகிருகம், புத்தகங்களை வைப்பதற்காகவே திட்டமிடப்பட்ட வீடு. இது கடமைக்காகப் படித்தவர் செய்கிற காரியம் அல்ல. வாசிப்பில் இன்பம் கண்டவர் செய்கிற காரியம்.

நமக்கு எழுத்தை மறுத்தவர்கள் அறிவை மட்டும் மறுக்கவில்லை, அந்த இன்பத்தையும் மறுத்தார்கள். ஆகவே, "நீ படித்தே தீர வேண்டும், உன் முன்னோருக்கு மறுக்கப்பட்டது" என்று இளைஞர் தலையில் பாரத்தை ஏற்றுவதில் பயனில்லை. குற்றவுணர்ச்சியோடு திறக்கும் புத்தகம் மூன்றாம் பக்கத்திலேயே மூடப்படும். இன்பத்தையும் நம் உரிமையாகக் கேட்போம்.

அதற்கு என்ன வழி? சிலவற்றைச் சொல்கிறேன்.

நம் மொழிக்கு அருகில் இருக்கும் நூலில் தொடங்குங்கள். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. வீட்டிலும் தெருவிலும் நாம் பேசுகிற தமிழில் எழுதப்பட்டது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' துணி வெளுக்கும் ஒரு குடும்பத்தின் கதை. இவற்றைத் திறந்தால் நமக்குத் தெரிந்த மனிதர்கள் எழுந்து நடப்பார்கள். இயக்கத்துக்குப் புதிதாக வருகிற தோழரின் கையில் முதல் நாளே ஆயிரம் பக்கத் தொகுப்பைத் திணிக்காதீர்கள்.

பிடிக்காத நூலை முப்பது பக்கத்தோடு மூடி வைக்கலாம். அதற்கு யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை. ஆனால் சலிப்பு வேறு, கடினம் வேறு. சலித்தால் வேறு நூலை எடுங்கள். கடினமாக இருந்தால் ஒரு தோழரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வியோடு போங்கள். நம் சுடுகாட்டுக்கு ஏன் தனிப் பாதை? கோயில் தேர் ஏன் நம் தெருவுக்கு வருவதில்லை? இப்படி ஒரு கேள்வி மனத்தில் குடைந்துகொண்டிருந்தால், வறண்ட வரலாற்று நூலும் துப்பறியும் கதைபோல விறுவிறுப்பாகும்.

செல்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு இருபது நிமிடம் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் மனம் அலையும், அலையட்டும். நொடிக்கொரு காட்சிக்குப் பழகிய கண்ணுக்கு ஒரு பக்கம் நீளமாகத்தான் தெரியும். சில வாரங்களில் அது பழகிவிடும்.

எல்லாவற்றையும்விட, சேர்ந்து படியுங்கள். ஓரமாக உட்கார்ந்து மௌனமாகப் படிப்பது மட்டும்தான் வாசிப்பு என்று யார் சொன்னது? 1925இல் தொடங்கிய 'குடிஅரசு' போன்ற ஏடுகள், எழுத்தறியாதவர்களிடமும் போய்ச் சேர்ந்தன. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, டீக்கடையிலும் முடிதிருத்தகத்திலும் மற்றவர்கள் கேட்டார்கள், இடைமறித்தார்கள், சண்டை போட்டார்கள். அங்கே யாருக்கும் போரடிக்கவில்லை.

'சாதியை அழித்தொழித்தல்' நூலும் ஓர் உரைதான். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக அம்பேத்கர் எழுதினார். அழைத்தவர்களே அஞ்சி மாநாட்டை ரத்து செய்ததால், தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். பேச விடாத பேச்சு அது. வாரம் ஒரு பகுதியாக நாம் அதை உரக்கப் படிப்போம். அன்று லாகூரில் ஒலிக்காதது நம் தெருவில் ஒலிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. வாசிப்பு தனிமனிதப் பழக்கம் மட்டும் அல்ல, இடம் சார்ந்த பிரச்சினையும்கூட. சென்னை மாகாணத்தில் 1948இலேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நூலகம் ஊருக்குள் இருந்து, அங்கே போகும் காலனிப் பெண்பிள்ளையை நான்கு பேர் முறைத்துப் பார்த்தால், அவளுக்கு அது திறந்த நூலகமா? பகல் முழுக்க வேலைக்குப் போய்விட்டு வருகிறவருக்கு, மாலையில் பூட்டியிருக்கும் கட்டடத்தால் என்ன பயன்? காலனிக்குள் படிப்பகம் வேண்டும், இரவு எட்டு மணிக்கும் விளக்கெரிய வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அரசு தரும்வரை ஒரு திண்ணை போதும், ஒரு பல்பு போதும், இருபது புத்தகம் போதும்.

அடுத்த ஞாயிறு மாலை கூடுவோம். படித்துவிட்டு வர வேண்டிய கட்டாயம் இல்லை. வாருங்கள், சேர்ந்து படிப்போம்.

செய் பீம்!