எஸ்டிஆர் பின்னை யார் ஆட்டணும்: உங்க கோடா, ரேடியோவா?

சாஃப்ட்வேர் டிஃபைன்ட் ரேடியோ, அதாவது எஸ்டிஆர் பத்திப் பேசும்போதெல்லாம் நாம சிக்னல், ஆன்டெனா பத்தியே பேசிட்டிருக்கோம். இன்னைக்கு பெட்டியோட முன்பக்கத்துல பல பேர் தொடாமலே விட்டுடற ஒரு கனெக்டரைப் பார்க்கலாம்.

யூஎஸ்ஆர்பி எக்ஸ்310-ஐ உதாரணமா எடுத்துக்கறேன். அதுல 12 ஜிபிஐஓ பின்கள் இருக்கு. எந்த வேலைக்கு வேணும்னாலும் வச்சுக்கோங்கன்னு நமக்காக விட்டுவச்ச பின்கள். நம்ம கோட் 1னு சொன்னா 3.3 வோல்ட், 0னு சொன்னா ஒண்ணுமில்லை. அவ்வளவுதான்.

இது எதுக்கு? எஸ்டிஆர்ல இருந்து வெளிய வர்ற பவர் மில்லிவாட் கணக்குலதான் இருக்கும். தூரமா போகணும்னா 10 வாட் பவர் ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு மாட்டுவோம். கேட்கிறதுக்கு, மெல்லிய சிக்னலைப் பெரிசாக்கிற இன்னொரு ஆம்ப்ளிஃபயர். ஆனா ஆன்டெனா ஒண்ணே ஒண்ணு. நடுவுல ஒரு ரிலே நின்னு ஆன்டெனாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாத்தும். ரிலே தப்பான பக்கம் இருக்கும்போது 10 வாட் கிளம்பினா, நல்ல காசு கொடுத்து வாங்கின ஆம்ப்ளிஃபயர் கண்ணிமைக்கிற நேரத்துல போயிடும்.

அந்த ரிலேவுக்கு உத்தரவு கொடுக்கிறதுதான் இந்தப் பின்னோட வேலை. ஆனா ரிலே காயிலை நேரடியா பின்ல மாட்டாதீங்க. அவ்வளவு கரண்ட் அதால தர முடியாது. நடுவுல ஒரு டிரான்சிஸ்டரும், காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடும் கட்டாயம்.

கோடில் அடுத்த வரி, காற்றில் அடுத்தது இல்லை

எல்லாருக்கும் முதல்ல தோணுறது இதுதான்: பின்னை 1 ஆக்கு, சாம்பிள்களை அனுப்பு, பின்னை 0 ஆக்கு. மூணு வரி. படிக்க சரியாத்தான் இருக்கு.

ஆனா சாம்பிள் அனுப்புற ஃபங்ஷன் முடிஞ்சு திரும்பி வந்துடுச்சுன்னா, சிக்னல் ஆன்டெனாவை விட்டுப் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. வரிசையில நிக்க வச்சாச்சு, அவ்வளவுதான். ரேடியோ அதை மெதுவா வாசிச்சிட்டிருக்கும்போதே உங்க மூணாவது வரி ஓடி ரிலேவைத் திருப்பிடும். நடுவுல சிலீப் போடலாமேன்னு கேட்பீங்க. லினக்ஸ் வேற வேலையில மாட்டிக்கிட்டா அந்தக் கணக்கும் தப்பும்.

முடிவை ரேடியோகிட்ட விடுங்க

இதுக்குத்தான் யூஎஸ்ஆர்பியோட டிரைவரான யூஹெச்டியில ஏடிஆர்னு ஒரு வசதி இருக்கு. ரேடியோ எந்த நேரத்துலயும் நாலு நிலையில ஒண்ணுலதான் இருக்கும்: சும்மா இருக்கு, கேட்குது, அனுப்புது, ரெண்டும் செய்யுது. ஒவ்வொரு நிலையிலயும் பின் என்னவா இருக்கணும்னு முன்கூட்டியே எழுதி வச்சிடுறோம். அப்புறம் பின்னை ஆட்டுறது உள்ள இருக்கிற எஃப்பிஜிஏ. நம்ம கம்ப்யூட்டருக்கு அதுல வேலையே இல்லை. கம்ப்யூட்டர் ஹேங் ஆகி சாம்பிள் நின்னாலும், அனுப்பும் நிலை முடிஞ்சு பின் தானா இறங்கிடும்.

செய்முறை சின்னது. அனுப்பும் நிலைக்கும், ரெண்டும் செய்யும் நிலைக்கும் 1. மத்த ரெண்டுக்கும் 0. அப்புறம் கன்ட்ரோல்ல 1 போட்டா அந்தப் பின் ஏடிஆர் வசம் போகும். 0 போட்டா உங்க கைல. கடைசியா டிடிஆர்ல 1 போட்டா பின் அவுட்புட் ஆகும். இந்த வரிசையிலயே செய்யுங்க. முதல்லயே அவுட்புட் ஆக்கினா, மதிப்பு எழுதுறதுக்கு முன்னாடி பின் வேற எதையாவது சொல்லிட வாய்ப்பிருக்கு. மாஸ்க்கையும் மறக்காதீங்க. உங்க பின்னோட பிட்டை மட்டும் அதுல 1 ஆக்கினா, பக்கத்துப் பின்கள் அசையாது.

இன்னும் ஒரு சிக்கல். எஃப்பிஜிஏ உடனே மாறும். ரிலே இரும்பு, அதுக்குச் சில மில்லிசெகண்ட் வேணும். அதனால சிக்னலுக்கு முன்னாடி வெறும் பூஜ்ய சாம்பிள்களை அனுப்புங்க. நொடிக்கு 10 லட்சம் சாம்பிள்னா, 10 மில்லிசெகண்டுக்கு 10,000 பூஜ்யம். ரேடியோ 'அனுப்பும் நிலை'க்கு வந்துடும், ரிலே திரும்பிடும், ஆனா பவர் இன்னும் வராது. கடைசியிலயும் கொஞ்சம் பூஜ்யம் வச்சா, பவர் அடங்கின பிறகே ரிலே திரும்பும்.

சரி, அனுப்புறதோட சம்பந்தமே இல்லாம, குறிப்பிட்ட நேரத்துல பின் மாறணும்னா? உதாரணத்துக்கு, கேட்கும்போதே நாலு ஆன்டெனாவை மாத்தி மாத்திப் பார்க்கணும். அப்போ ஏடிஆர் உதவாது. டைம்டு கமாண்ட் இருக்கு. ரேடியோவோட சொந்தக் கடிகாரத்துல இந்த நேரத்துக்குச் செய்னு சொல்லி வைக்கலாம். வேலை முடிஞ்சதும் அந்த நேரத்தை அழிச்சிடுங்க. இல்லன்னா அடுத்து வர்ற கட்டளைகளுக்கும் அதே பழைய நேரம் ஒட்டிக்கும்.

கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு, கோட் ஓடுறதுக்கு முன்னாடி பின் எப்படி இருக்கும்னு யாரையும் நம்பாதீங்க. ஒரு புல்-டவுன் ரெசிஸ்டர் போட்டு, ஒண்ணும் சொல்லலன்னா 'கேட்கும்' பக்கம்னு வச்சுக்கோங்க. ரெண்டு, முதல்ல ஆசிலோஸ்கோப்ல பின்னைப் பாருங்க, அப்புறம் டம்மி லோடு, கடைசியாத்தான் ஆன்டெனா. அதுவும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் கையில இருந்தா மட்டும்.

எது செய்யணும்னு முடிவு பண்றது உங்க கோடோட வேலை. எப்போ செய்யணும்ங்கிறதை, கடிகாரம் வச்சிருக்கிற ரேடியோகிட்டயே விட்டுடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.