செங்காந்தளை அடையாளம் காண்பது

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்தபின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் போகிறவர்கள், வேலியோரத்துக் காரைப் புதர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். செங்காந்தள் ஏறிப் படர்ந்திருந்தாலும் இருக்கும். நம் தமிழ்நாட்டின் மாநிலப் பூ அது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வருவதும் அதுதான்.

இது யாருக்குத்தான் தெரியாது என்பீர்கள். பெரும்பாலோர் நிறத்தை வைத்துத்தான் அறிந்திருக்கிறார்கள். நிறமோ நாளுக்கு நாள் மாறும். மொட்டு பச்சை; விரியும்போது அடி மஞ்சள், நுனி சிவப்பு; வாடும் முன் முழுக்கச் சிவப்பு. மூன்றும் ஒரே கொடியில் இருக்கும். நிறத்தை விட்டுவிட்டு உறுப்புகளைப் பாருங்கள். ஓரம் நெளிந்த ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கியிருக்கும். மகரந்தத்தாள் ஆறும் சுற்றிலும் விரிந்து நிற்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் நீளும். எனக்கு இந்த ஒரு மடிப்பே போதும்.

ஐரோப்பியப் புல்வெளிகளில் இலையுதிர் காலத்தில் பூக்கும் கோல்சிகமும் செங்காந்தளின் குடும்பம்தான்; அதையும் உறுப்புகளை வைத்துத்தான் அறியவேண்டும். பார்வைக்கு அசல் குங்குமப்பூச் செடி. எண்ணினால்தான் குட்டு வெளிப்படும்: குங்குமப்பூவுக்கு மகரந்தத்தாள் மூன்று, கோல்சிகத்துக்கு ஆறு. நம் வீட்டுத் தொட்டிகளில் மழைக்குப் பூக்கும் ரெயின் லில்லிக்கும் அதே சாயல், அதற்கும் ஆறு. ஆனால் அதன் சூலகம் இதழுக்குக் கீழே பச்சைக் குமிழாகக் கண்ணுக்குத் தெரியும். மற்ற இரண்டுக்கும் அது மண்ணுக்குள் இருக்கும். இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்கும் பழக்கம் உயிரையே காக்கக்கூடியது.

காரணம், கோல்சிசின். 1820-இல் பாரிசில் வேதியியலாளர்கள் பெல்லெத்தியேயும் கவாந்துவும் கோல்சிகத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு மருந்து; அளவு மீறினால் நஞ்சு. செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் அது நிறைய உண்டு. அந்த விதைக்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுகிறார்கள்.

பூ உதிர்ந்து கொடி காய்ந்தபின் கிழங்கு மட்டும் மண்ணில் தங்கும். அதை வள்ளிக்கிழங்கு என்றோ சர்க்கரைவள்ளி என்றோ எண்ணிச் சமைத்துத் தின்று இறந்தவர்கள் இலங்கையிலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. கிழங்கைப் பாருங்கள்: வழவழப்பான இரண்டு விரல்கள் ஒரு முனையில் சேர்ந்தாற்போல் கலப்பை வடிவில் வளைந்திருக்கும். கொடி பச்சையாக இருந்தால் இன்னும் எளிது. வள்ளிக்கொடியின் இலை பெரும்பாலும் இதய வடிவம், நரம்புகளுக்கு நடுவே வலைப்பின்னல் ஓடும். செங்காந்தள் இலை ஈட்டிபோல் நீண்டு, நரம்புகள் இணையாக ஓடி, நுனி கம்பியாகச் சுருண்டு அருகிலுள்ள குச்சியைப் பற்றிக்கொள்ளும். காய்ந்த கொடியிலும் அந்தச் சுருளைத் தேடுங்கள். கொடியே இல்லாமல் கிடைத்த கிழங்கைச் சமைக்கவே வேண்டாம்.

யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திராதீர்கள். அறிகுறி தெரியவே சில மணி நேரம் ஆகும். மிச்சமிருக்கும் கிழங்கையும் கொடியையும் பையில் போட்டுக்கொண்டு, 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.