முதல் மழைப் புல்லும் அணைநீரும்

(கடக்வாஸ்லாவில் ஆற்றிய உரை)

குளிர்நாடுகளில் வசந்தகாலத்து இளம்புல், இறைச்சிக்கென வளர்க்கப்படும் மாடுகளின் எடையை விரைந்து கூட்டுகிறது. அதில் புரதம் மிகுதி, நார் குறைவு. நமக்கு அந்த வசந்தம் ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழையே. கோடையில் மெலிந்த கறவையும் உழவு மாடும் அப்புல்லால் தேறுகின்றன.

ஆயினும், துளிர்த்தவுடனேயே மேயவிட்டால் வேரின் சேமிப்பு குன்றிப் புல் அழியும். பிடிப்பிழந்த சரிவின் மண், 1961 ஜூலை 12இல் உடைந்து மீண்டும் கட்டப்பட்ட இந்த அணையின் நீர்த்தேக்கத்தில் வந்து படியும். புனே நகருக்குக் குடிநீர் தருவது இதுவன்றோ!

எனவே, முதற்சில வாரங்கள் சோளத்தட்டை அளித்து, பின்னர் பகுதி பகுதியாக மேயவிடுதல் வேண்டும். அத்தீவனச் செலவை ஏழை மாட்டுக்காரர் மீது மட்டும் சுமத்துதல் நியாயமன்று. நீரைப் பருகும் நகரமும் பங்கேற்பதே முறை.