வாழும் ஊரின் கடற்கரை

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு விடுமுறை என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. இரண்டு மாதங்களுக்கு முன்பே ரயிலில் இடம் பதிவு செய்கிறோம். சொந்த ஊர்த் திருவிழா, உறவினர் வீட்டுத் திருமணம், குலதெய்வ வழிபாடு ஆகியவற்றை முடித்துக்கொண்டு, அப்பளமும் வடகமும் நிறைந்த மூட்டைகளுடன் திரும்புகிறோம். இதில் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், நம்மைத் தாங்கி நிற்கும் மண்ணை நாம் எவ்வளவு அறிவோம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

எங்களை அவ்வாறு எண்ண வைத்தவர் அண்டை வீட்டு மராத்தி மூதாட்டி ஒருவர். எங்கள் குடும்பம் மும்பையில் முப்பது ஆண்டுகளாக வாழ்வது. விநாயக சதுர்த்திக்காகக் கொங்கணத்திலுள்ள தம் கிராமத்திற்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அவர், "எங்கள் கடலைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று வினவினார். சௌபாத்திக் கடற்கரையைச் சொன்னோம். அவர் நகைத்தார். எங்கள் பிள்ளைகள் பிறந்த நாட்டின் கடற்கரையை அவர்களுக்கு நாங்கள் காட்டவே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது.

ஆர்வ மிகுதியால் அடுத்த வாரமே புறப்பட்டோம், வருந்தித் திரும்பினோம். காரணம் எங்கள் அறியாமையே. அது செப்டம்பர் மாதம். மழைக்காலத்தில் கடற்கோட்டைகளுக்குப் படகுகள் செல்வதில்லை. முருட் என்னும் ஊருக்கு அருகே, அலைகளுக்கு அப்பால் நின்ற ஜஞ்சிராக் கோட்டையின் மதிலைக் கரையிலிருந்தே கண்டு வந்தோம். ஆதலின் முதற் பாடம் இது: நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே இப்பயணத்திற்கு உகந்தவை.

இரண்டாவது பாடம் கடலின் ஏற்றவற்றம். அலிபாக் நகரத்துக் கொலாபாக் கோட்டைக்குக் கடல் வற்றியபோது நடந்தே செல்லலாம். நீர் ஏறிய பின் நடந்து திரும்புதல் இயலாது. வற்றும் நேரம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். ஆகவே நேற்றுச் சென்றவர் சொன்ன நேரத்தை இன்று நம்பலாகாது. அன்றன்றைக்குரிய அட்டவணையைப் பார்த்தே இறங்க வேண்டும்.

மூன்றாவது, வழி. மும்பையிலிருந்து கொங்கணத்தின் தென்பகுதியிலுள்ள மால்வண் வரை ஏறக்குறைய 500 கிலோமீட்டர். நெடுஞ்சாலை 66 வழியே ஒரே நாளில் போய்விடலாம். ஆனால் பெரும்பாலும் கடல் கண்ணிற்படாது. கரையோரமாகச் செல்பவருக்கு ஆறு நாட்கள் வேண்டும். மும்பைப் பாவுச்சா தக்காத் துறையிலிருந்து மாண்ட்வாவிற்கு, மோட்டார் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் கப்பல் 2020 இல் தொடங்கப்பட்டது. அதன்பின் அகர்தண்டா, பாக்மண்டலா, தாபோல், தவ்சால் ஆகிய துறைகளில் வண்டியுடன் படகேறிக் கழிமுகங்களைக் கடக்கலாம். படகுக்காகக் காத்திருக்கும் நேரத்தை வீண் என்று எண்ண வேண்டா. மீனவப் பெண்களும் பள்ளிச் சிறுவரும் நம்முடன் நிற்பர். நெடுஞ்சாலையில் விரைந்து செல்பவருக்கு அவர்களுடன் பேசும் வாய்ப்பு ஏது?

டிசம்பர் மாதத்தில் இவ்வாறு திட்டமிட்டு மீண்டும் சென்றோம். ராஜபுரித் துறையிலிருந்து பாய்மரப் படகு எங்களை ஜஞ்சிராவிற்குக் கொண்டு சேர்த்தது. ஆப்பிரிக்க மரபினரான சித்தியர் ஆண்ட கோட்டை அது. சிவாஜியும் அவர் மைந்தர் சம்பாஜியும் முயன்றும் அது வீழவில்லை. நாற்புறமும் உப்புநீர் சூழ, உள்ளே நன்னீர்க் குளங்கள் இருப்பதைப் பிள்ளைகள் வியந்து நோக்கினர்.

நான்காம் நாள் இரத்தினகிரியை அடைந்தோம். திலகர் 1856 இல் பிறந்த ஊர் அது. அங்கே எங்கள் உள்ளத்தை நெகிழ்வித்தது மறுநாட் காலையில் கண்ட தீபா மன்னரின் மாளிகை. 1885 இல் பர்மாவின் அரியணையை இழந்த அவரை ஆங்கிலேயர் முதலில் சென்னைக்குக் கொண்டு வந்தனர். 1886 இல் இரத்தினகிரிக்கு அனுப்பினர். 1910 இல் கட்டி முடிந்த இம்மாளிகையில் வாழ்ந்து, 1916 இல் அவர் இவ்வூரிலேயே மறைந்தார். முப்பது ஆண்டுகள் அவர் இக்கடலை நோக்கியிருந்தார். நாங்களும் முப்பது ஆண்டுகள் இக்கரையில் வாழ்ந்தவர்கள்தாம். அவர் சிறைப்பட்டு வந்தவர். நாமோ விரும்பி வந்தவர்கள். விரும்பி வந்தோர் இம்மண்ணை அறியாதிருப்பதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

அன்று பிற்பகல் விஜயதுர்க்கம் சென்றோம். 1751 இல் ஆற்காட்டைக் காத்துப் புகழ்பெற்ற கிளைவே 1756 இல் கடற்படைத் தலைவர் வாட்சனுடன் வந்து இக்கோட்டையை ஆங்கிரேயரிடமிருந்து கைப்பற்றினார். தமிழ்நாட்டு வரலாறும் கொங்கண வரலாறும் தனித்தனி ஏடுகள் என்று நாம் எண்ணியது பிழை.

ஆறாம் நாள் மால்வண். கரைக்கு எதிரேயுள்ள பாறைத் தீவில் சிவாஜி 1664 இல் தொடங்கி 1667 இல் முடித்த சிந்துதுர்க்கம் நிற்கிறது. கடல் நடுவே மூன்று நன்னீர்க் கிணறுகள் உள்ளன. பால், தயிர், சர்க்கரை என்று அவற்றிற்குப் பெயர். சிவாஜிக்கு எழுப்பிய ஆலயம் ஒன்றும் அங்கு உண்டு.

2025 இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகள் ஒருசேர இடம்பெற்றன. விஜயதுர்க்கமும் சிந்துதுர்க்கமும் அவற்றுள் அடங்கும். பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளன. பன்னிரண்டாவது நம் செஞ்சி! 1677 இல் சிவாஜி கைப்பற்றிய அக்கோட்டையில், அவருடைய இளைய மைந்தர் இராசாராமர் 1689 முதல் தங்கி முகலாயரை எதிர்த்தார். 1698 இல்தான் அது வீழ்ந்தது.

ஊர் திரும்பியதும் மூதாட்டியிடம் எல்லாவற்றையும் உரைத்தோம். கிணறுகளின் பெயரைப் பிள்ளைகள் சொல்லக் கேட்டு மகிழ்ந்த அவர், "இனி உங்கள் செஞ்சி எப்படியிருக்கும், சொல்லுங்கள்" என்றார். நாங்கள் விடையின்றி நின்றோம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும்போதெல்லாம் பேருந்தின் சன்னல் வழியே அக்குன்றுகளைக் கண்டிருக்கிறோம், ஒருமுறையும் இறங்கியதில்லை.

வாழும் ஊரை அறியப் புறப்பட்ட பின்னரே பிறந்த ஊரையும் நாங்கள் அறியவில்லை என்பது தெரிந்தது. தில்லியிலும் கொல்கத்தாவிலும் ஐதராபாத்திலும் வாழும் அன்பர்களுக்கும் அவரவர் ஊரை அடுத்து இத்தகைய வழியொன்று இருக்கும். இவ்வாண்டு விடுமுறையில் ஆறு நாட்களை அதற்கென ஒதுக்குங்கள். அண்டை வீட்டாரிடம் வழி கேளுங்கள். அவர்கள் மகிழ்ந்து சொல்வார்கள். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது நாங்கள் செஞ்சியில் இறங்கப் போகிறோம். மூதாட்டிக்கு விடை கூற வேண்டுமல்லவா?