விழாத லிஃப்ட்

டயர் மாற்றும்போது வண்டிக்கு அடியில் வைக்கிற திருகு ஜாக்கியைப் பார்த்திருப்பீர்கள். சுற்றச் சுற்ற வண்டி மேலே எழும். கையை எடுத்தாலும் இறங்காது, நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த ஒரு குணத்தை நம்பி லிஃப்ட் தொழிலில் இறங்கியவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஓடிஸ் டஃப்ட்ஸ்.

லிஃப்ட் என்றதும் நினைவுக்கு வரும் எலிஷா ஓடிஸ் வேறு ஆள். அவர் 1854-இல் நியூயார்க் கண்காட்சியில் மேடைமேல் ஏறி நின்று, தன்னைத் தாங்கிய கயிற்றையே வெட்டச் செய்தார். வில் விரிந்து பக்கவாட்டுப் பற்களைக் கவ்வ, மேடை அந்தரத்தில் நின்றது. கயிறு அறுந்தாலும் பிழைக்கலாம் என்றார் அவர். கயிறே எதற்கு என்று கேட்டார் டஃப்ட்ஸ்.

1859-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அடித்தளத்திலிருந்து உச்சி வரை ஒரே இரும்புத் திருகுத் தண்டு; அதைச் சுற்றுவது நீராவி எஞ்சின். பயணிகள் அறையின் நடுவே தண்டு ஊடுருவிச் செல்லும். போல்ட்டில் நட்டு ஏறுவது மாதிரி அறை ஏறும், இறங்கும். 'செங்குத்துத் திருகு ரயில்' என்று அதற்குப் பெயர். அந்த ஆண்டே நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூ ஹோட்டலிலும், அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவின் கான்டினென்டல் ஹோட்டலிலும் அது ஓடியது. மாடிப்படி ஏறி மூச்சிரைத்த விருந்தினருக்கு அது பெரும் வசதி.

ஆனால் வியாபாரம் அந்த இரண்டு ஹோட்டல்களைத் தாண்டவில்லை. ஏன்? அறையை விழாமல் பிடித்துவைத்தது உராய்வு. எஞ்சினின் சக்தியைத் தின்றதும் அதே உராய்வுதான். தானாக இறங்காத திருகில், கொடுக்கும் உழைப்பில் பாதிக்கு மேல் உராய்வுக்கே போய்விடும். இது இயற்பியல் கணக்கு. அதனால் வேகம் குறைவு, செலவு அதிகம். கட்டடம் உயர உயரத் தண்டும் நீள வேண்டும். கயிறென்றால் இன்னும் கொஞ்சம் விட்டால் போதும். 1875-இல் ஃபிஃப்த் அவென்யூ ஹோட்டல் திருகைக் கழற்றிவிட்டது.

பாதுகாப்பை மட்டும் வைத்து மதிப்பிட்டால் டஃப்ட்ஸின் திருகில் குற்றம் சொல்ல முடியாது. ஆபத்தை வேரோடு ஒழித்தது. எலிஷா ஓடிஸோ ஆபத்து வரும் என்று ஒப்புக்கொண்டு, வரும் நொடிக்கு மட்டும் காவல் வைத்தார். தினமும் ஓடும் எந்திரத்துக்கு அந்தக் காவல்தான் கட்டுபடியானது.

டஃப்ட்ஸும் இதை உணர்ந்திருக்க வேண்டும். ஒரே கயிற்றை நம்பாமல் பல கயிறுகள் சுமையைப் பகிரும் லிஃப்டுக்கு 1861-இல் காப்புரிமை பெற்றார். இன்று நாம் ஏறும் லிஃப்டுகளில் பெரும்பாலானவை பல கம்பிவடங்களில்தான் தொங்குகின்றன. கயிறே வேண்டாம் என்றவர் லிஃப்டுக்கு விட்டுப்போனது, கடைசியில் கயிறுகளைத்தான்.