தாயுமானவர் மலையில் ஒரு நாள்

(திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாவை ஒட்டி நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற தைத் திங்களில் அடியேன் குடும்பத்துடன் தஞ்சையினின்று திருச்சிராப்பள்ளி மலைக்குச் சென்று வந்தேன். பேர்த்திக்குச் சுகப்பேறு வாய்த்தது. வேண்டிக்கொண்டவாறே தாயுமானப் பெருமானுக்கு வாழைத்தார் செலுத்தச் சென்றோம். காலையில் இரயிலேறி மாலையில் மீண்ட ஒருநாட் பயணமே அது. ஆயினும், நாற்பதாண்டு பிறருக்குக் கற்பித்தும் யான் கல்லாத ஒன்றை அம்மலை எனக்குக் கற்பித்தது.

மலைக்கோட்டையில் தருமை ஆதீனத்தைச் சார்ந்த மௌன மடம் உள்ளது. முதலில் அங்கே வணங்கினோம். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாயுமான சுவாமிகள், நாயக்க மன்னரிடம் அலுவல் பார்த்த நாளில் மௌனகுருவை அடைந்து, பேச்சற்ற பெருநிலையை உபதேசமாகப் பெற்றார். இளமையில் மடத்தில் பயின்ற அடியேன் அவ்வுபதேசத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியவன்!

பின்னர்ப் படியேறிச் செவ்வந்திநாதர் திருமுன் நின்றோம். தல வரலாறு யாவரும் அறிந்ததே. இரத்தினாவதி பேறுகாலத்தை நெருங்கினாள். புறப்பட்டு வந்த தாயைக் காவிரி வெள்ளம் அக்கரையில் தடுத்தது. இறைவனே தாய் வடிவில் வந்து மகப்பேறு பார்த்தான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோது மறைந்தருளினான்.

இளையோர் உச்சிப் பிள்ளையாரை நோக்கி ஏறினர். முழங்கால் நோவினால் யான் இடைவழியில், 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக் கோயிலில் அமர்ந்தேன். அங்கே பெருமான் கங்கையைச் சடையில் ஏற்கும் சிற்பம் கண்ணெதிரே நின்றது. ஓர் ஐயம் எழுந்தது. கங்கையையே சடையில் அடக்கியவனுக்குக் காவிரியை வற்றச் செய்தல் அரிதோ? தாய் வருவதற்கு வழிவிடச் செய்திருக்கலாமே! அவனோ ஆற்றைத் தடுக்கவில்லை. பேறு பார்க்கும் பெண்ணாய் வந்து பணி செய்தான்.

அப்போது ஒரு பழைய நிகழ்ச்சி நெஞ்சைச் சுட்டது. 1977 நவம்பர் 12ஆம் நாள் நாகைப் பகுதியில் புயல் கரை கடந்தது. நம் ஊரைச் சுற்றிலும் வெள்ளம். என் மனைவிக்குத் தலைப்பேறு. கொள்ளிடத்துக்கு வடகரையிலிருந்த அவள் தாய் வர வழியில்லை. எங்கள் வயலில் நாற்று நடும் மூதாட்டி ஒருத்தி, இடுப்பளவு நீரில் நடந்து வந்தாள். இரண்டு இரவுகள் உள்ளறையில் தாயாயிருந்து தாயையும் சேயையும் காத்தாள். மூன்றாம் நாள் மாமியார் வந்து சேர்ந்தார். அன்று நண்பகல் அம்மூதாட்டிக்குக் கொல்லைப்புறத்தில் இலை போட்டனர். யான் கண்டேன், வாய் திறவாதிருந்தேன். அவள் உண்டு, இலையைத் தானே எடுத்து எறிந்துவிட்டுப் போனாள்.

மௌனகுரு அருளியதும் மௌனம். யான் அன்று காத்ததும் மௌனமோ? அது ஞானம், இது கோழைமை. புராணம் அறிந்த நாவுக்கு வீட்டில் பேச வேண்டிய ஒரு சொல் வரவில்லை. அவள் மறைந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அவளிடம் பொறுத்தருள வேண்டும் பேறும் எனக்கில்லை.

அன்பர்களே! நாளை நம் திருக்கோயிற் கலசங்களில் நன்னீர் சொரியப்போகிறது. இத்திருப்பணிக்குச் செங்கல்லும் மணலும் சுமந்தோருள் அம்மூதாட்டியின் பேரன்மாரும் உளர். நன்கொடையாளர் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன, நன்று. பொறிக்கப்படாத கைகளும் இக்கோயிலைத் தாங்குகின்றன என்பதை மறவோம். நாளை நண்பகல் அன்னம் பாலிக்கும் பந்தியில் அவ்விளைஞர்கள் அருகே அடியேன் அமர்வேன். எல்லோரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டுமென்று உங்களைக் கைகூப்பி வேண்டுகிறேன். தாயாக வந்தவனை இனியேனும் கொல்லைப்புறத்தில் நிறுத்தாதிருப்போமாக.

திருச்சிற்றம்பலம்.