பிடித்தம் உண்டு, பேச்சு இல்லை!



அமெரிக்காவிலே 1959ஆம் ஆண்டு ஒரு சட்டம் பிறந்தது. 1960 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கூட்டாட்சி அரசின் ஊழியர், ஆண்டுதோறும் நவம்பர், டிசம்பரில் ஏறத்தாழ நான்கு வாரம், 'இந்த மருத்துவக் காப்பீடு வேண்டாம். அது வேண்டும்' என்று மாற்றிக்கொள்ளலாம். கட்டணத்திலே பெரும்பங்கு அரசாங்கத்தினுடையது. அங்கே மட்டும் கட்டணம் ஏறாமலா இருக்கிறது? ஏறுகிறது! ஆனால் முன்கூட்டியே சொல்கிறார்கள். எடைபோட்டுப் பார்க்க அவகாசம் தருகிறார்கள்.

தமிழகத்திலே? 2016இல் மாதப் பிடித்தம் 180 ரூபாய். நான்காண்டுக்குக் காப்பு 4 லட்சம். 2021இல் பிடித்தம் 300 ரூபாய். காப்பு 5 லட்சம். கொடிய நோய்கள் சிலவற்றுக்கு அதற்கு மேலும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் காப்பு ஏறியது கால் பங்கு. கட்டணம் ஏறியது மூன்றில் இரண்டு பங்கு! வேண்டும் என்றாலும் பிடித்தம். வேண்டாம் என்றாலும் பிடித்தம்!

பட்டியலிலே எந்த மருத்துவமனை இருக்கிறது என்று நம் தோழர் அறிவது எப்போது? நோயுற்ற மனைவியோடு அதன் வாசலிலே நிற்கும்போது!

இலவசம் கேட்கவில்லை, தோழர்களே! ஒப்பந்தம் எழுதுமுன் ஊழியரை அழைத்துப் பேசுங்கள். மாற்றங்களைத் தமிழிலே அச்சிட்டு, ஆண்டுதோறும் கையிலே கொடுங்கள் என்கிறோம். நோய் எங்களுடையது, பணமும் எங்களுடையது, முடிவிலே மட்டும் எங்களுக்குப் பங்கில்லையா?